வினாவும் விடையும்: இந்தியச் சட்டமன்றங்களிற் கேள்வி உரிமையின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களிக்கும் மக்கள், ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆட்சியாளரை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றனர் என்பது அரசறிவியலின் பழைய சிக்கல்களுள் ஒன்றாகும். மக்களின் சார்பிற் பிரதிநிதிகள் அக்கடமையை ஆற்றுகின்றனர் என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விடை. அப்பிரதிநிதிகளின் கையிலுள்ள கருவிகள் மூன்று. நம்பிக்கையில்லாப் பிரேரணை ஒன்று. அரசாங்கம் கேட்கும் பணத்தை மறுத்தல் மற்றொன்று. வினா எழுப்புதல் மூன்றாவது. முதலிரண்டும் பயனளிக்கச் சபையிற் பெரும்பான்மை வேண்டும். மூன்றாவதற்கு ஓர் உறுப்பினர் போதும். கட்சிப் பலமோ பதவியோ அற்ற தனியொருவன் அரசாங்கத்தைப் பேச வைக்கக்கூடிய ஒரே வழி இதுவேயாதலால், இதன் வரலாறு தனியாக ஆராயப்படத் தக்கது. வாக்குப் பலத்தாற் கவிழ்க்க முடியாத ஓர் அந்நிய அரசாங்கத்தின் முன்னிலையிற் பிறந்து, பின்னர் சுதந்திர நாட்டிலும் அதன் பயனைக் காட்டிய இந்தியக் கேள்வி உரிமையினை இக்கட்டுரை நோக்குகின்றது.

மரபின் தோற்றம்

அமைச்சரை வினவும் வழக்கம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் தோன்றியது. 1721ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபையிற் கௌப்பர் பிரபு எழுப்பிய வினாவே பதிவாகியுள்ள முதல் வினாவெனக் கொள்ளப்படுகின்றது. தென்கடற் கம்பனியின் வீழ்ச்சியிற் பலர் பொருளிழந்திருந்த காலம் அது. அக்கம்பனியின் தலைமைக் காசாளர் நாட்டை விட்டுத் தப்பியோடிக் கைது செய்யப்பட்டதாக வந்த செய்தி உண்மையா என்பதே அவ்வினா. பொதுமக்களின் பணத்துக்கு என்ன நேர்ந்தது என்ற கவலையிலிருந்தே இவ்வழக்கம் பிறந்தது என்பது கருதத்தக்கது. 1835இல் வினாக்கள் முன்கூட்டியே அச்சிட்ட அறிவித்தல்களாக இடம்பெறத் தொடங்கின. 1902இற் பல்பரின் சீர்திருத்தங்கள் எழுத்துமூல விடை என்ற முறையினை நிலைநிறுத்தின. எல்லா வினாக்களுக்கும் வாய்மொழியாக விடையளிக்கச் சபையில் நேரம் போதாமையே இதற்குக் காரணம். எனினும், அவசரத்துக்குச் செய்த அவ்வேற்பாடு, புள்ளிவிபரங்களையும் விரிவான தகவல்களையும் அரசாங்கத்திடமிருந்து பெறுவதற்கு மிகச் சிறந்த வாயிலாயிற்று.

அதிகாரமற்றோரின் உரிமை

இந்தியாவில் இவ்வுரிமை எளிதிற் கிடைக்கவில்லை. 1853ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்டநிரூபண சபை, சட்டமியற்றுவதோடு நில்லாது, நிருவாகத்திடம் விளக்கங்களையும் ஆவணங்களையும் கோரத் தலைப்பட்டது. ஒரு சிறு பாராளுமன்றம் போல அது நடந்துகொள்வதை இலண்டனிலிருந்த இந்திய மந்திரி சேர் சாள்ஸ் வூட் விரும்பவில்லை. விளைவாக, 1861ஆம் ஆண்டு இந்திய சபைகள் சட்டம் அச்சபையின் பணியினைச் சட்டமியற்றலுக்குள் மட்டும் அடக்கிவிட்டது. கேள்வி கேட்பதை ஆட்சியாளர் எவ்வளவு கூர்மையாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்றாகும்.

முப்பத்தோராண்டுகள் கழிந்த பின்னர், 1892ஆம் ஆண்டு இந்திய சபைகள் சட்டம் வினா எழுப்பும் உரிமையினை அளித்தது. அவ்வுரிமை கடுமையான வரம்புகளுக்கு உட்பட்டிருந்தது. முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். விடை கிடைத்த பின் அதன் மீது மேலும் வினவ முடியாது. தலைவர் காரணங் கூறாமலே எவ்வினாவையும் மறுக்கலாம். வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கலாமேயன்றி அதன் மீது வாக்களிக்க முடியாத உறுப்பினருக்கு, எஞ்சியிருந்தது இந்தக் குறுகிய வாயில் மட்டுமே.

அவ்வாயிலின் வழியே நுழைந்த முதல் வினா எது? 1893 பெப்ரவரி 16இல் பிங்கா மன்னர் எழுப்பிய அவ்வினா, பேரரசின் பெரும் பிரச்சினை எதனையும் பற்றியதன்று. அரசாங்க அதிகாரிகள் சுற்றுப்பயணஞ் செய்யும்போது அவர்களுக்கு வேண்டிய பொருள்களை வழங்குமாறு பணிக்கப்பட்ட கிராமத்துக் கடைக்காரர் படும் இடர்களைப் பற்றியது. கிராமத்துக் கடைக்காரன் தன் முறையீட்டை எந்த அதிகாரியிடம் சமர்ப்பிக்க வேண்டுமோ, அவ்வதிகாரியின் வருகையே அவனது இடருக்குக் காரணமாயிருந்தது. அம்முறையீடு சபையில் வினாவாக மாறியபோது, அதனைக் கேட்க வேண்டிய கடமை மேலிடத்து அரசாங்கத்துக்கே ஏற்பட்டது. நிருவாகத்தின் படிநிலைகளைத் தாண்டி, கீழுள்ளவனின் குறையை மேலுள்ளவன் முன் நேரே வைப்பது வினாவின் முதற் பண்பு என்பதை இத்தொடக்கமே உணர்த்துகின்றது.

1909ஆம் ஆண்டின் மிண்டோ – மோர்லி சீர்திருத்தம், வினாவெழுப்பிய உறுப்பினர் தாம் பெற்ற விடையை ஒட்டித் துணைவினா எழுப்ப இடமளித்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இவ்வுரிமை உறுப்பினர் அனைவருக்கும் விரிந்தது. இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும் அதன் பொருள் பெரிது. முதல் வினாவுக்குரிய விடையை அலுவலகத்தில் எழுத்தர் தயாரிப்பர். பொறுப்பாளர் அதனை வாசிப்பார். துணைவினா வந்ததும் தாளிலுள்ள விடை முடிந்துவிடுகின்றது. பொறுப்பாளர் தமது துறையைத் தாமே அறிந்துள்ளாரா, மறைப்பதற்கு ஏதும் உள்ளதா என்பன அப்போதே வெளிப்படுகின்றன.

1921இற் கூடிய மத்திய சட்டசபைக்கும் அரசப் பிரதிநிதியின் நிருவாக சபையைப் பதவி நீக்கும் அதிகாரம் இருக்கவில்லை. வெளிநாட்டுறவு, சுதேச மன்னர்கள் ஆகியன தொடர்பான வினாக்களும் தடுக்கப்பட்டிருந்தன. எனினும் கேள்வி நேரம் அச்சபையின் உயிரோட்டமுள்ள பகுதியாக விளங்கிற்று. 1934ஆம் ஆண்டுத் தேர்தலிற் சென்னையிலிருந்து தெரிவான எஸ். சத்தியமூர்த்தி, துணைவினாக்களால் அரசாங்க உறுப்பினரைத் திணறவைத்தவரெனப் பெயர் பெற்றார். திருமயத்திற் பிறந்த அத்தமிழர் கையாண்ட ஆயுதம் வாக்குமன்று, ஆணையுமன்று; ஆயத்தஞ் செய்துகொண்ட வினாவே.

முந்த்ரா விவகாரம்

சுதந்திரத்தின் பின் நிலைமை மாறியது. அமைச்சரவை மக்கட்சபைக்குப் பொறுப்புடையதென்பது அரசியலமைப்பில் எழுதப்பட்டது. ஆயினும், 1957ஆம் ஆண்டுத் தேர்தலிற் காங்கிரஸ் கட்சி 494 ஆசனங்களுள் 371ஐக் கைப்பற்றியிருந்தது. இத்தகைய சபையில் நம்பிக்கையில்லாப் பிரேரணை வெறுஞ் சடங்காகவே முடியும். அதே ஆண்டில் அரசாங்கத்தை உலுக்கியது வினாவே.

1956 செப்டெம்பர் 1ஆந் திகதி, 245 காப்புறுதி நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களும் அரசுடைமையாக்கப்பட்டு ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. எழுதுவினைஞர், ஆசிரியர், சிறு வணிகர் எனச் சாதாரண மக்கள் தம் குடும்பங்களின் எதிர்காலத்துக்கெனக் கட்டிய தவணைப் பணம் அதன் கைக்கு வந்தது. ஓராண்டு நிறைவுறுமுன், 1957 யூன் மாதத்தில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு கம்பனிகளின் பங்குகளைக் கூட்டுத்தாபனம் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் அதிகமான ரூபாவுக்கு வாங்கியது. அவர் அப்போது பண நெருக்கடியிற் சிக்கியிருந்தார். முதலீடுகள் பற்றி ஆலோசனை கூறுவதற்கென அமைக்கப்பட்டிருந்த குழு கலந்தாலோசிக்கப்படவில்லை.

இக்கொடுக்கல் வாங்கல் குறித்து 1957 செப்டெம்பரில் மக்கட்சபையில் முதலில் வினவப்பட்டது. நவம்பர் இறுதியில் அவ்விடயம் மீண்டும் வினாவாக எழுந்தது. ராம் சுபக் சிங், பெரோஸ் காந்தி ஆகியோர் இதில் முன்னின்றனர். இருவரும் எதிர்க்கட்சியினரல்லர், ஆளுங் கட்சியினரே. பெரோஸ் காந்தி பிரதமர் நேருவின் மருமகனுமாவார். அரசாங்கம் அளித்த விடைகள் ஐயத்தைத் தீர்க்காது வளர்த்தன. டிசெம்பர் 16ஆந் திகதி பெரோஸ் காந்தி நிகழ்த்திய உரை இவ்விவகாரத்தை நாடறியச் செய்தது.

அரசாங்கம் பம்பாய் உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசர் எம்.சி. சாக்ளாவைத் தனி உறுப்பினராகக் கொண்ட விசாரணை ஆணைக்குழுவினை 1958 ஜனவரியில் நியமித்தது. விசாரணை பகிரங்கமாக நடைபெற்றது. நிதியமைச்சின் தலைமைச் செயலாளர் எச்.எம். பட்டேலும் நிதியமைச்சர் ரி.ரி. கிருஷ்ணமாச்சாரியும் சாட்சியமளித்தனர். ஒரு மாதத்துக்குள்ளேயே அறிக்கை வெளிவந்தது. தம் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அரசியலமைப்பு முறைப்படி பொறுப்பாளி என்றும், இத்தகைய விடயங்களிற் பாராளுமன்றத்துக்குத் தொடக்கத்திலேயே முழு விபரங்களையும் அமைச்சர் தெரிவித்தல் வேண்டும் என்றும் சாக்ளா கருதினார். பெப்ரவரி மாதத்தில் நிதியமைச்சர் பதவி துறந்தார்.

இந்நிகழ்ச்சியில் வினாவின் பங்கினை மிகைப்படுத்தலாகாது. உண்மையை வெளிக்கொணர்ந்தது ஆணைக்குழு. அதிகாரிகளின் பொறுப்பும் அமைச்சரின் பொறுப்பும் எவ்விடத்திற் பிரிகின்றன என்பது பின்னரும் விவாதிக்கப்பட்டது. கிருஷ்ணமாச்சாரியும் 1962இல் மீண்டும் அமைச்சரவையிற் சேர்ந்து, 1963இல் மீண்டும் நிதியமைச்சரானார். எனினும், வினா எழாதிருந்தால் விடை இராது. விடை பதிவாகாதிருந்தால் அதன் குறையைச் சுட்டிக்காட்ட இயலாது. முழுமையற்ற விடையே அடுத்த வினாவுக்கு வித்தாயிற்று. பெரும்பான்மை பலம் அமைச்சரைத் தோல்வியிலிருந்து காக்கலாம். அவர் முன்னர் கூறிய சொல்லிலிருந்து காக்க இயலாது.

பெரோஸ் காந்தியின் மற்றொரு பணியும் இங்கு நினைவுகூரத் தக்கது. பாராளுமன்ற நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்குச் சட்டப் பாதுகாப்பளிக்கும் மசோதாவைத் தனி உறுப்பினராக அவர் முன்வைக்க, அது 1956இற் சட்டமாயிற்று. சபைக்குள் அளிக்கப்படும் விடை சபைக்கு வெளியே வாசிக்கப்பட்டாலன்றிப் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

உரிமையின் சோதனைகள்

கேள்வி உரிமைக்கு ஆபத்து இரு திசைகளிலிருந்து வந்துள்ளது. கேட்பவர் விலைபோதல் ஒன்று. பம்பாய்ப் பொன் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று அவர்களுக்காகச் சபையிற் செயற்பட்டமைக்காக எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினர் 1951இல் விசாரிக்கப்பட்டு, வெளியேற்றப்படவிருந்த வேளையிற் பதவி விலகினார். அவரை விசாரித்த குழுவின் தலைவராயிருந்தவர் ரி.ரி. கிருஷ்ணமாச்சாரி என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. வினாவின் தூய்மையைக் காக்க முனைந்தவரே ஏழாண்டுகளின் பின் வினாவின் விளைவாற் பதவியிழந்தார். 2005 டிசெம்பரில், வினா எழுப்புவதற்குப் பணம் பெற்றமைக்காகப் பதினொரு உறுப்பினர் ஒருங்கே வெளியேற்றப்பட்டனர்.

விடையளிப்பவர் நழுவுதல் மற்றொன்று. தகவல் திரட்டப்படுகின்றது, பின்னர் சமர்ப்பிக்கப்படும் என்ற விடை எல்லா நாட்டு அமைச்சர்க்கும் பழகிய புகலிடம். இவ்வாறு கொடுத்த உறுதிமொழிகள் நிறைவேற்றப்பட்டனவா எனக் கண்காணிக்க இந்திய மக்கட்சபை 1953இலேயே ஒரு குழுவினை அமைத்தது. வாக்குறுதியும் ஒரு கடன். அதற்கும் கணக்கு வைத்தல் வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

இவற்றினும் கொடியது கேள்வி நேரத்தையே இல்லாதொழித்தல். 1975இல் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்ட பின்னர் யூலையிற் கூடிய பாராளுமன்றத்திற் கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டமும் 1976இல் நீக்கப்பட்டது. பெரோஸ் காந்தி கொணர்ந்த சட்டம் அவருடைய மனைவியார் இந்திரா காந்தியின் ஆட்சியில் நீங்கியது. 1977இல் ஆட்சி மாறிய பின் அது மீண்டும் இயற்றப்பட்டது. வினாவும் செய்தியும் ஒருங்கே அடைக்கப்பட்டமை தற்செயலன்று.

2020 செப்டெம்பரில், பெருந்தொற்றைக் காரணங் காட்டி வாய்மூல வினாக்களுக்குரிய நேரம் மீண்டும் கைவிடப்பட்டது. எழுத்துமூல வினாக்கள் மட்டும் எஞ்சின. ஊரடங்குக் காலத்திற் சொந்த ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளருள் எத்தனை பேர் மாண்டனர் என அவ்வழியே வினவப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பியதாகக் கணக்குக் காட்டிய தொழில் அமைச்சு, மாண்டோர் பற்றிய தரவுகள் பேணப்படவில்லை என எழுத்தில் விடையளித்தது. துணைவினா எழுப்ப வழியில்லாமையால் அவ்விடை சபையில் அன்று சோதிக்கப்படவில்லை. ஆயினும் இல்லை என்னும் அவ்விடையே ஓர் ஆவணமாயிற்று. எண்ணப்படாதோர் இருந்தனர் என்பதனை அரசாங்கமே தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டது.

முடிவு

இலங்கைப் பாராளுமன்றத்தின் நிலையியற் கட்டளைகளும் வாய்மூல விடைக்கும் எழுத்துமூல விடைக்கும் உரிய வினாக்களுக்கு இடமளிக்கின்றன. ஒரே பிரித்தானிய மரபின் கிளைகளே இவையிரண்டும். ஆகவே இந்திய வரலாறு இங்குள்ளோர்க்கும் அயலானதன்று. வாய்மூல வினா அமைச்சரைச் சோதிக்கின்றது; எழுத்துமூல வினா அரசாங்கத்தின் நினைவினைப் பதிவு செய்கின்றது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அது இயற்றப்பட்டபோது, பாராளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை எந்த ஒருவருக்கும் மறுக்கலாகாது எனக் கூறியது. பிரதிநிதிக்குரிய உரிமையே குடிமகனின் உரிமைக்கு அளவுகோலாக நின்றது என்பதே இதன் பொருள். எனவே உறுப்பினர் தம் வினாவுரிமையைப் பேணாது விடின் அதன் நட்டம் அவருக்கு மட்டும் உரியதன்று.

1893இற் கிராமத்துக் கடைக்காரருக்காக எழுந்த வினாவும், 1957இற் காப்புறுதிப் பணத்துக்காக எழுந்த வினாவும், 2020இற் பெயரின்றி மாண்டோருக்காக எழுந்த வினாவும் ஒரே தன்மையன. சபைக்கு வர இயலாதவரின் குரலாக அவை ஒலித்தன. வினவுவதற்கு ஒருவரும், விடையைப் பதிவு செய்வதற்கு ஓர் ஏடும், அவ்வேட்டினை மறவாது மீளப் புரட்டிப் பார்க்கும் மக்களும் உள்ளவரை, பெரும்பான்மையின் பலத்தினால் மட்டும் எவ்வரசாங்கமும் கணக்குக் கொடாது தப்பிவிட இயலாது.