பார்ப்பவர் எங்கே நிற்கிறார்?

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ச்சுனா நதியின் நீர்த்தேக்கத்தால் பெயர் பெற்ற ஊர் ஆனைக்குட்டம். அதன் சுற்றுப்புறக் கரிசல் வெளியில், ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் சிறு சிறு அறைகளைக் காணலாம். பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறைகள் அவை. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவலாகாது என்பதற்கே அந்த இடைவெளி. இங்கே உருவாகும் வாணங்கள் நாட்டின் பல மூலைகளிலும் இரவு வானில் ஒளிப்பூக்களாய் விரிகின்றன. அவற்றைக் கண்டு மகிழ்வோர் வானத்தைப் பார்க்கின்றனர். வாணம் செய்த கைகளைப் பார்ப்பதில்லை. இது யாருடைய குற்றமும் அன்று. அவர்கள் நிற்கும் இடம் அப்படி.

பார்ப்பவர் நிற்கும் இடமே பார்வையை முடிவு செய்கிறது என்னும் இவ்வுண்மை, மெய்நிகர்க் காட்சிக் கலை வளர்ந்து வரும் இந்நாளில் நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். கண்களை மூடும் கருவி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் போதும். வீட்டில் இருப்பவர் போர்க்களத்திலோ பாலைவனத்திலோ நிற்பதாக உணர்கிறார். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது.

இதன் வேர் மிகப் பழையது. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே பார்வை உண்டாகிறது என்பதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே ஆய்ந்து நிறுவியவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம். அவர் தமது ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் நூலின் ஒரு பகுதியைக் கண் எவ்வாறெல்லாம் ஏமாறுகிறது என்பதற்கே ஒதுக்கினார். 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன், இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மனம் அவற்றை ஒன்றாக்கி ஆழமுள்ள உருவமாகக் காணும் என்பதைக் கருவி கொண்டு மெய்ப்பித்தார். 1968இல் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட் அக்கருத்தைக் கணிப்பொறியோடு இணைத்துத் தலையில் அணியும் கருவியாக்கினார்.

ஆனால், காண்பவரைக் காட்சிக்குள்ளேயே நிறுத்தும் ஆசைக்குக் கணிப்பொறி தேவைப்படவில்லை. 1787இல் ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். வட்டமான மண்டபத்தின் சுவர் முழுவதும் ஒரே ஓவியம், நடுவில் மேடை. இருண்ட வழியாகச் சென்று மேடையேறுபவருக்கு ஓவியத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தெரியா. விளிம்பு மறைந்ததும் ஓவியம் என்ற நினைவும் மறைந்துவிடும். இதற்குப் ‘பனோரமா’ என்று பெயரிட்டனர்.

இந்த மோகம் இலண்டனில் பரவியிருந்த காலத்தில்தான் நம் மண்ணில் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிட்டு மடிந்தார். அவரது உடல் கோட்டை வாயிலொன்றில் பிணக்குவியலுக்கிடையே கண்டெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1800இல், இலண்டன் லைசியம் அரங்கில் அக்கோட்டையின் வீழ்ச்சி காட்சிப் பொருளாயிற்று. வரைந்தவர் ராபர்ட் கெர் போர்ட்டர். இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர். ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கண்ணால் கண்டறியாதவர். 120 அடி நீளத் திரை, காண்போரை அரைவட்டமாக வளைத்து நின்றது. மக்கள் கட்டணம் கொடுத்துத் திரண்டனர்.

அவர்கள் எங்கே நிறுத்தப்பட்டார்கள்? முற்றுகையிட்ட படையின் பக்கத்தில். கோட்டை மதில் உடைந்த இடத்தில் படையை நடத்தும் தளபதி டேவிட் பெயர்டு காட்சியின் நாயகர். மதிலுக்கு உட்புறமிருந்து அந்த நாளைக் காணும் வாய்ப்பு ஒருவருக்கும் அளிக்கப்படவில்லை. தந்தையை இழந்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்ட சுல்தானின் மைந்தர்களை, இக்காட்சி குறித்து எவர் கேட்டிருப்பார்? இலண்டன் மக்கள் போரைப் பற்றிய ஒரு கருத்தைக் கேட்டுத் திரும்பவில்லை. ‘நேரில் கண்டோம்’ என்ற உறுதியோடு திரும்பினர். சொன்னதை மறுக்கலாம், கண்டதை மறுப்பது எளிதோ?

நடுநிலை தவறாமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை முறியடித்தனர். அப்போரில் மைசூர்ப் படையின் இரும்புக் குழல் வாணங்கள் எதிரியைக் கலங்கடித்தன. அவ்வகை வாணங்களை ஆராய்ந்தே பின்னாளில் வில்லியம் காங்கிரீவ் ஆங்கிலப் படைக்கு வாணம் செய்தார். புள்ளலூரில் சிறைப்பட்டவர்களுள் ஒருவர்தாம் மேற்சொன்ன பெயர்டு. அவ்வெற்றியைத் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். அங்கே பார்ப்பவர் நிற்பது வென்ற சுல்தானின் பக்கம்! சிறைப்பட்டவரின் துயரம் அச்சுவரில் பேசுவதில்லை.

ஆக, பக்கம் சாய்வது வென்றவர் அனைவர்க்கும் பொதுவான இயல்பு. எனினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. சுவரோவியத்துக்கு விளிம்பு இருக்கிறது. எட்டி நின்று, ‘இது ஒருவர் வரையச் சொன்ன படம்’ என்று எண்ண இடமிருக்கிறது. சூழ்ந்து நிற்கும் காட்சி அந்த இடைவெளியையே பறித்துவிடுகிறது. மெய்நிகர்க் கருவியோ கண்ணையே கவிந்து கொள்கிறது. ஆதலின் அதைப் படைப்பவர்க்குப் பொறுப்பு மிகுதி.

அப்பொறுப்பு இன்று எவ்வாறு ஆளப்படுகிறது? 2015இல் ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில், ஜோர்தான் நாட்டு ஸஅதரி முகாமில் அகதியாக வாழ்ந்த 12 வயது சிரியச் சிறுமியின் அன்றாட வாழ்வு மெய்நிகர்ப் படமாக்கப்பட்டது. செல்வரும் ஆட்சியாளரும் கூடும் டாவோஸ் மாநாட்டில் அது காட்டப்பெற்றது. அதை உருவாக்கியவருள் ஒருவரான கிறிஸ் மில்க், இத்தகைய கருவியை இரக்கம் ஊட்டும் இயந்திரமாகவே கருதினார். இரக்கம் நல்லதே. ஆனால் கருவியைக் கழற்றியதும் பார்த்தவர் தம் இல்லம் திரும்பலாம். அச்சிறுமி திரும்ப இயலாது.

2017இல் மெக்சிகோ இயக்குநர் அலெஹாந்த்ரோ இன்யாரித்து, எல்லை கடக்கும் ஏழைகளைப் பற்றி ‘சதையும் மணலும்’ என்று பொருள்படும் படைப்பொன்றை வெளியிட்டார். காண்போர் செருப்பைக் கழற்றி, ஒவ்வொருவராக, மணலில் வெறுங்காலுடன் நடக்க வேண்டும். எல்லை கடந்த மனிதர்களின் வாய்மொழியைக் கொண்டே அது அமைந்தது. இறுதியில் அவர்தம் முகங்களும் வரலாறும் தனியே காட்டப்பெற்றன. காட்டப்படுவோர் தாமே பேசும் இம்முறை, லைசியம் அரங்கிலிருந்து வெகுதூரம் முன்னேறியதாகும்.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் பலியாயின. உதவிக்கு ஓடியவர்களும் அவர்களுள் அடங்குவர். நாளை ஒரு கலைஞர் இத்தகைய விபத்தை மெய்நிகர்க் காட்சியாக்க முன்வரலாம். பட்டாசு வெடித்து மகிழும் நகரத்தார் மருந்தறையின் வெம்மையை ஒருமுறை உணர்வது நன்மையே. ஆனால் தீயின் நடுவே நிற்கும் திகிலை விற்பது அதன் நோக்கமாகிவிடலாகாது. இழந்த குடும்பத்தாரின் இசைவைப் பெற்றாரா? அவர்களைப் பேசவிட்டாரா? வரும் பணத்தில் அவர்களுக்குப் பங்குண்டா? பார்ப்பவரை எங்கே நிறுத்துகிறார்? இந்நான்கு வினாக்களையும் நாம் தயங்காமல் கேட்க வேண்டும்.

2021 டிசம்பரில் சவூதி அரேபியா, ஹஜருல் அஸ்வத் கல்லை மெய்நிகர்க் காட்சியாகக் காணும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அவ்வாறு கஃபாவைக் காண்பது ஹஜ்ஜாகாது என்று 2022 பிப்ரவரியில் துருக்கியின் சமய விவகாரத் தலைமையகம் தெளிவுபடுத்தியது. பயணத்தின் களைப்பும் செலவும் பிரிவும் இன்றிக் கண்ணுக்கு மட்டும் கிட்டுவது காட்சி, கடமை அன்று. பிறர் துன்பத்திற்கும் இதுவே பொருந்தும். கண்டதோடு நம் கடமை தீர்வதில்லை. கண்ட பிறகே அது தொடங்குகிறது.