பட்டமும் வேலையும்: நம் குடும்பங்கள் கடந்து வந்த வழி

நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்த நம் முன்னோர் பலருக்கு, வேலை என்பது கப்பல் ஏறும் முன்பே பேசி முடித்த ஒன்று. இங்குள்ள கடைக்காரர் ஊருக்குக் கடிதம் எழுதுவார். கணக்கு எழுதத் தெரிந்த, கை சுத்தமான பையன் ஒருவன் வேண்டும் என்பார். ஊர்ப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்று அனுப்பிவைப்பார். பையன் தவறு செய்தால் அவமானம் அந்தப் பெரியவருக்கும்தான். சான்றிதழ் கேட்காத காலத்தில் அந்தச் சொல்தான் சான்றிதழ். கடைக்கும், நாணய மாற்றுக்கும், துறைமுகத்துக்கும், செம்பவாங் கடற்படைத் தளத்துக்கும் ஆள் சேர்ந்தது இப்படித்தான். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களின் பெண்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கியதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. அவர்களுக்கு யாரும் வேலை பேசிக் கொடுக்கவில்லை.

பிள்ளைகள் படிக்கத் தொடங்கியபோதுதான் இந்த ஏற்பாடு தடுமாறியது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழிலேயே உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி சிங்கப்பூரில் அது ஒன்றுதான். நம் சமூகத்தார் உழைத்துச் சேர்த்த காசில் எழுந்த பள்ளி என்பதில் நமக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அங்கே படித்து வெளியே வந்தவர்களுக்குத் தமிழாசிரியர் வேலை, பத்திரிகை, வானொலி என்று சில கதவுகளே திறந்திருந்தன. வங்கியும் அலுவலகமும் தொழிற்சாலையும் ஆங்கிலம் கேட்டன. பெற்றோர் அதைப் புரிந்துகொண்டு பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றினர். மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் பள்ளி மூடப்பட்டது. பள்ளியின் பாடத்தில் குறை இருந்ததாக நாம் நினைக்கவில்லை. அந்தப் படிப்புக்காக வெளியே காத்திருந்த முதலாளிகள்தான் போதவில்லை. அடுத்த ஆண்டே அப்பெயர் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமாக மறுபிறவி எடுத்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி ரோட்டில் அந்த நிலையத்தை இன்று காணலாம்.

இதற்கிடையே நாட்டின் பொருளியலே ஆட்டம் கண்டது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்று 1968இல் அறிவிப்பு வந்தது. தளங்களை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு எரியுமா என்ற கவலை. 1961இல் தொடங்கப்பட்டிருந்த பொருளியல் வளர்ச்சிக் கழகம் வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்து வந்தது. அவர்களோ, தேர்ந்த ஆட்கள் எங்கே என்று கேட்டனர். அதற்குக் கண்ட விடையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1972இல் டாட்டா நிறுவனத்துடனும், 1973இல் ஜெர்மானிய கேமரா நிறுவனமான ரோலையுடனும், 1975இல் பிலிப்ஸுடனும் சேர்ந்து அரசாங்கம் பயிற்சி நிலையங்களை அமைத்தது. இடமும் செலவில் பெரும்பங்கும் அரசாங்கத்தினுடையவை. கற்றுக்கொடுக்கும் திறன் நிறுவனத்தினுடையது. நிறுவனம் தன் தேவைக்கு மேலாகவே ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும். மிச்சமுள்ளவர்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போகலாம். வேலை தருபவரே ஆசிரியராக இருந்ததால், என்ன கற்க வேண்டும் என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. 1981இல் ரோலை நொடித்துப் போனபோதும் அங்கே பயின்ற கைகள் வீணாகவில்லை. நுண்பொறி வேலை தெரிந்தவர்களை மற்றத் தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டன.

அதே 1981இல் தொடங்கிய நன்யாங் தொழில்நுட்பக் கழகம் இந்த முறையைப் பொறியியல் பட்டத்துக்கும் கொண்டுவந்தது. மாணவர் படிக்கும்போதே சில மாதங்கள் தொழிற்சாலையில் இருந்தாக வேண்டும். 2009இல் பிறந்த சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் வேலையோடு இணைந்த படிப்பு எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை நீள்கிறது.

நம் குடும்பங்களில் முதல் பட்டதாரிகள் வந்தபோது ஏற்பட்ட சிக்கல் வேறு. அத்தாவின் சொல்லுக்கு டன்லப் ஸ்திரீட்டிலும் தேக்கா சந்தையிலும் மதிப்பு உண்டு. ஜூரோங் தொழிற்சாலையிலோ ஷெண்டன் வே அலுவலகத்திலோ அவரை யாருக்கும் தெரியாது. விண்ணப்பம் எழுதுவது எப்படி, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், எந்தச் சம்பளம் கேட்டால் நியாயம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. 1985இல் பொருளியல் சரிந்தபோது இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. ஏற்கெனவே அலுவலகம் போகும் பிள்ளைகள் பின்னால் வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அப்போது கைக்கு எட்டிய வழி. மெண்டாக்கியும், 1991இல் தோன்றிய சிண்டாவும் கைகொடுத்தன. மதத்தால் ஒரு வாசல், இனத்தால் ஒரு வாசல் என இரண்டு இருப்பது நமக்கு வசதிதான். எதில் முதலில் நுழைவது என்று குழம்பியவர்களும் உண்டு.

2020இல் கொவிட் வந்தபோது, பட்டம் பெற்றும் வேலையற்றிருந்த இளையர்களைப் பயிற்சிக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு, உதவித்தொகையில் 80 விழுக்காட்டை அரசாங்கமே ஏற்றது. பெரிய நிறுவனங்கள் முந்திக்கொண்டன. லிட்டில் இந்தியாவில் நம்மவர் கடைகளுக்கும் ஆள் தேவை இருந்தது, இன்றும் இருக்கிறது. கணக்கு கணினிக்கு மாறிவிட்டது, விற்பனை கைப்பேசிக்கு வந்துவிட்டது. அதையெல்லாம் கவனிக்கப் படித்த பிள்ளை கிடைக்கவில்லை என்கிறார் முதலாளி. அவர் மகனே பட்டம் பெற்று வேறொருவர் அலுவலகத்தில் இருக்கிறார். ஒரு மாணவரை ஆறு மாதம் பயிற்சிக்கு வைத்துப் பாருங்களேன் என்றால், உட்கார வைக்க மேசை எங்கே என்று கேட்கிறார். மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கினால் மேசை போட இடம் இருக்கிறது. நாம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.