ஐம்பது ரூபாய் வானொலியும் அலைவரிசை என்னும் அமானிதமும்

சென்ற ரமளானுக்குச் சில நாட்களுக்கு முன்னர், எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் தம் கையால் இணைத்த சிறிய பண்பலை ஒலிபரப்பி ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். "ஹஜ்ரத், தராவீஹுக்குப் பின் நடக்கும் பயானை இதன் வழியே நம் தெருப் பெண்களும் முதியோரும் வீட்டிலிருந்தே கேட்கலாமே! இதற்கும் அனுமதி வேண்டுமா?" என்று வினவினார். நிய்யத் தூயது. ஆயினும், விடை கூறுமுன் நம் நாட்டு வானொலிச் சட்டத்தின் வரலாற்றை நாம் புரட்ட வேண்டியதாயிற்று.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் ஆங்கிலேயர் இயற்றியது. வானொலி பரவிய பின்னர், 1933இல் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தையும் அவர்கள் கொண்டுவந்தனர். ஒலிபரப்புவது மட்டுமன்று, உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது அச்சட்டம். பாட்டுக் கேட்கும் பெட்டிக்குக்கூட அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய நினைவு நம் முதியோர் பலருக்கு இருக்கும். 1939இல் போர் மூண்டதும் அமெச்சூர் வானொலியாளர்களின் உரிமங்களும் ரத்தாயின.

இத்தடைகளை மீறித்தான் 1942இல் பம்பாயில் காங்கிரஸ் வானொலி ஒலித்தது. 22 வயது உஷா மேத்தாவும் தோழர்களும் இடம் மாற்றி இடம் மாற்றி ஒலிபரப்பினர். நவம்பரில் பிடிபட்டார், நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அன்று குற்றவாளி எனப்பட்டவரை இன்று தியாகி எனப் போற்றுகிறோம். வியப்பு என்னவெனில், விடுதலை பெற்ற இந்தியா அச்சட்டத்தைக் கைவிடவில்லை. 1949இல் திருத்தி, உரிமமின்றி ஒலிபரப்பி வைத்திருப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறை என்று கடுமையாக்கிற்று. ஆட்சி மாறியும் அச்சம் மாறவில்லை போலும்.

1995இல்தான் உச்சநீதிமன்றம், அலைவரிசை பொதுமக்களின் சொத்து, அரசின் ஏகபோகம் அன்று என்று தீர்ப்பளித்தது. தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் நபிமொழி நமக்கு உடனே நினைவுக்கு வருகிறது. அலைவரிசையை அவற்றோடு கியாஸ் செய்வது எமது கருத்தே, ஃபத்வா அன்று.

ஆனால், பங்காளி என்பதால் எவரும் தாம் விரும்பியவாறு எடுத்துக்கொள்ளலாமா? பீகாரின் வைஷாலி மாவட்டத்து மன்சூர்பூரில், பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஏழை இளைஞர் ஒருவர், சுமார் 50 ரூபாய்ச் செலவில் ஒலிபரப்பி செய்து கிராமத்துக்கென வானொலி நடத்தினார். பாடல்களோடு போலியோ, எய்ட்ஸ் பற்றிய அறிவிப்புகளும் அதில் வந்தன. 2006இன் தொடக்கத்தில் உலகச் செய்தி ஊடகங்கள் அவரைப் பாராட்டி எழுதின. மார்ச்சில் அதிகாரிகள் அந்நிலையத்தை மூடினர். உரிமம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. எம் உள்ளம் அவர் பக்கமே சாய்கிறது.

எனினும், பண்பலை வரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. விமானங்களுக்கு வழிகாட்டும் வரிசையோ அங்கிருந்தே தொடங்குகிறது. வீட்டில் செய்த கருவி, குறித்த அலையில் நில்லாது நகரக்கூடும். வேண்டாத அலைகளையும் உமிழக்கூடும். கப்பலின் கீழ்த்தளத்தார், மேலுள்ளோர்க்குத் தொல்லை தரலாகாது என்ற நல்லெண்ணத்தோடு தம் பங்கில் துளையிட முனைந்த உவமை புகாரியில் உள்ளது. அவர்களின் நிய்யத்திலும் குறையில்லை.

அதே 2006 நவம்பரில், 100 வாட் வரையிலான சமுதாய வானொலி நடத்தத் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டது, தனிநபருக்கு அன்று. மன்சூர்பூர் இளைஞரைப் போன்றோர் இன்றும் வெளியேதான் நிற்கின்றனர். இது நமக்கு உறுத்தலாகவே உள்ளது. 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குடிமக்கள் வரிசையில் 5 வாட் வரை உரிம விலக்கு 2005 முதல் உண்டு. பண்பலை அதில் அடங்காது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய இரு சட்டங்களின் இடத்தைப் பிடித்தபோதும், அனுமதி பெறவேண்டும் என்னும் அடிப்படை அப்படியே உள்ளது.

ஆகவே, வேண்டாம் என்றோம். மாணவரின் முகம் வாடிற்று. அமெச்சூர் வானொலித் தேர்வு ஒன்று உண்டென்றும், அதில் தேறினால் சட்டப்படி ஒலிபரப்பி செய்து பிற அமெச்சூர்களுடன் உரையாடலாம், ஆனால் பொதுமக்களுக்கு ஒலிபரப்ப இயலாதென்றும் விளக்கினோம். "அப்படியானால் பயான்?" என்றார். அவ்வாண்டு பயான் கைப்பேசி வழியே சென்றது. கைப்பேசி இல்லாத முதியோர் சிலர் அதைக் கேட்கவில்லை.