மரை கழன்றால் யார் பொறுப்பு?

பதிவு கொஞ்சம் நீளம். பைக் ஓட்டும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

ஒருவன் ஏறுக்குமாறாகப் பேசினால் 'மரை கழன்றவன்' என்கிறோம். அந்த மரைக்கு ஒரு வரலாறு உண்டு.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. மான்செஸ்டரில் பட்டறை நடத்திய ஜோசப் விட்வொர்த் பல இடங்களிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து அளந்து பார்த்தார். மரையின் கோணம் 55 டிகிரி, இன்ன தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று 1841இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். ரயில்வே கம்பெனிகள் அதை ஏற்றுக்கொண்டன. யார் செய்தாலும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும் என்பது அப்படித்தான் பட்டறை வழக்கமாயிற்று.

அந்த அங்குலக் கணக்கு நம்மூருக்குப் புல்லட்டில் ஏறி வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியும் கைகோத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1961இல் மைசூரில் ஜாவா வண்டி தயாரானது. அது செக்கோஸ்லோவாக்கியா வழி வந்தது, மில்லிமீட்டர் கணக்கு. 1980களில் ஓசூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் ஜப்பானியக் கூட்டில் வந்த 100 சிசி வண்டிகளும் மில்லிமீட்டர்தான். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதிய வண்டிகளில் நேர் எதிர்.

ஆக, மெக்கானிக் கடையில் இரண்டு செட் ஸ்பேனர் தேவைப்பட்டது. நல்ல மெக்கானிக் இரண்டையும் வாங்கி வைத்தார். மற்றவர் கிடைத்த ஸ்பேனரை மாட்டித் திருகினார். நட்டின் முனை மழுங்கியது. மழுங்கிய நட்டுக்கு உளியும் சுத்தியலும் வந்தன. தொழிற்சாலையில் நூறாண்டு பாடுபட்டுக் கொண்டுவந்த ஒழுங்கு, தெருமுனைக் கடையில் ஐந்தே நிமிடத்தில் போயிற்று.

இது வெறும் நட்டு விஷயம் அல்ல. டிரம் பிரேக் உள்ள வண்டியின் பின்சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் தட்டையும் வண்டியின் சட்டத்தையும் இணைத்து ஒரு இரும்புப் பட்டை இருக்கும். பிரேக் பிடிக்கும்போது தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் தடுப்பது அதுதான். பஞ்சர் ஒட்டிவிட்டு அதன் நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டால், ஓட்டுபவர் பிரேக்கை அழுத்தும் நேரத்தில் தட்டு சுழன்று சக்கரம் இறுகிவிடும். பின்னால் குழந்தை உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொன்று. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. டிரம்மைத் திறந்து ஏர் அடித்துத் தூசி பறக்கவிடுவது பல கடைகளில் வழக்கம். அந்தத் தூசியை முதலில் சுவாசிப்பவன் கீழே குந்தியிருக்கும் எடுபிடிப் பையன். எத்தனையோ வகுப்புகளில் காலியான பெஞ்சுகளைப் பார்த்த ஆசிரியனாக இதைச் சொல்கிறேன். பாதுகாப்பு என்பது வண்டிக்காரருக்கு மட்டுமல்ல, அவனுக்கும்தான்.

பொறுப்பு யாருடையது? நம் நாட்டில் வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும்; பழுது பார்க்கும் தொழிலுக்கு அப்படியொரு தேர்வு இல்லை. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் ஐ.டி.ஐ.களில் முறையாகக் கற்றுக்கொடுத்தது. ஆனாலும் பெரும்பாலோர் குருவின் கையைப் பார்த்துக் கற்றவர்களே. அதில் குறைவில்லை, குரு நல்லவராக இருந்தால் சீடனும் நல்லவன். மோட்டார் வாகனச் சட்டம், 1988 பாதுகாப்பற்ற வண்டியைச் சாலையில் ஓட்டுபவரைக் கேள்வி கேட்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ கூலி வாங்கிச் செய்யும் வேலையையும் சேவை என்றே கணக்கில் எடுக்கிறது. குறை இருந்தால் கேட்க உரிமை உண்டு.

ஆனால் வழக்கு என்பது விழுந்த பிறகு வருவது. அதற்கு முன்பே நாம் செய்யக்கூடியவை உண்டு. மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். என்ன வேலை செய்தார் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பிரேக் வேலைக்கு மட்டும் பேரம் பேசாதீர்கள், அவசரப்படுத்தவும் செய்யாதீர்கள்.

மெக்கானிக் தம்பிகளே, என்னிடம் படித்தவர்கள் உங்களில் பலர் உண்டு. வண்டியைக் கொடுக்கும் முன் ஒரு தெரு ஓட்டிப் பாருங்கள். அச்சு நட்டில் ஸ்பிளிட் பின் போட்டாயிற்றா என்று குனிந்து பாருங்கள். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. உங்கள் பெயர் அங்கேதான் இருக்கிறது.