ஏரி எழுதும் பேரேடு

அய்யம்பாளையம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பாருங்கள். பழநி மலை! மருதாநதி அணைக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் இறங்குகிறது. தண்ணீர் மட்டுமா? மேலே என்னென்ன கிடக்கிறதோ, அதிலும் கொஞ்சம் கூடவே வந்து அடியில் உட்கார்ந்துவிடும். அதுதான் வண்டல்.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு வண்டல் என்றால் பேரேடு! பழைய வருஷக் கணக்கு அடியில், புதுசு மேலே. நீளக் குழாயைச் செருகி, அடுக்கு குலையாமல் மண்ணை உருவினால் படித்துவிடலாம். தேதி? அதற்கும் வழி உண்டு. வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த காலத்தில், சீசியம்-137 என்ற கதிரியக்கத் தூசு உலகம் பூராவும் விழுந்தது. உச்சம் 1963-ல். அந்த அடுக்கைக் கண்டுபிடித்தால் மேலும் கீழும் வருஷம் கணக்கிடலாம்.

இப்போது அதே மலைத்தொடரின் உச்சிக்கு வாருங்கள். கொடைக்கானல் ஏரி. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863-ல் ஓடையை மறித்து உண்டாக்கியது. பேரேட்டின் முதல் பக்கம் அன்றைக்கே ஆரம்பம்!

1980-களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் ஆலை கொடைக்கானலுக்குக் குடிவந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் காயலான் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்ததை ஊர் மக்கள் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது.

ஆலையின் மழைநீர் வழிவது பாம்பார் சோலைப் பக்கம். ஏரி இருப்பது வேறு பக்கம். அப்படியானால் ஏரி தப்பித்ததா? இல்லை சார்! அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகம் சோதித்தது. முடிவு 2006-ல் வெளியானது. ஏரித் தண்ணீர், வண்டல், மீன் எல்லாவற்றிலும் பாதரசம். பேரிஜம் ஏரித் தண்ணீரைவிட அதிகம்! எப்படி வந்தது? காற்று வழியாக. மரத்துப் பாசிகூட சாட்சி சொன்னது.

2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்தில் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. ஏரியின் கணக்கு?

‘தூர்வாருங்கள்’ என்கிறோம். தாராளமாக வாரட்டும். அதற்கு முன்னால் ஒரு குழாய் மண்ணை எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பேரேட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு ஆடிட்டரைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?