தன்ஜாவிலிருந்து மதுரைக்கு

மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரச் சமவெளியில் அமைந்தது பேரையூர். இத்தகைய ஊர்களில், வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ பிழைப்புக்காகவும், இன்னும் தொலைவான நாடுகளுக்கு மேற்படிப்புக்காகவும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரை நாம் காண்கிறோம். அக்காலத்தில் அவர்கள் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருந்தனர். இக்காலத்தில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, பிள்ளைகள் புறப்பட்டுப் போகும் மண் என்றே நம் மண்ணை நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அயல்நாட்டு மாணவர் ஒருவர் கற்றுக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் உலகின் மறுகோடியிலிருந்து வந்து சேர்ந்த மண்ணும் இதுவே என்பதை நம் இல்லங்களில் எத்துணைப் பேர் பேசியிருக்கிறோம்?

அவரே இப்னு பதூதா. மொராக்கோ நாட்டுத் தன்ஜா நகரில் ஹிஜ்ரி 703இல் (1304) மார்க்கச் சட்டம் பயின்ற குடும்பமொன்றில் பிறந்தவர். ஹிஜ்ரி 725 ரஜப் பிறை 2இல், அதாவது 1325 ஜூன் 14ஆம் நாள், ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியே வீட்டை விட்டு இறங்கினார். அப்போது அவருக்கு வயது 21. பெற்றோர் இருவரும் உயிரோடிருந்தனர். பிரிவுத் துயர் இரு பக்கத்திலும் இருந்தது என்று அவரே சொல்கிறார். தூனிஸ் நகரை அடைந்தபோது, ஊர் மக்கள் வந்து காபிலாவிலிருந்த ஒவ்வொருவருக்கும் ஸலாம் உரைத்து வரவேற்றார்கள். இவரை அறிந்தவர் எவருமில்லை. ஆகவே இவருக்கு ஸலாம் சொல்ல யாரும் வரவில்லை. இளைஞர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகே வந்து ஸலாம் கூறி, ஊருக்குள் நுழையும்வரை பேச்சுத் துணையாக வந்தார். அயல்நாட்டு விமான நிலையத்தில் முதன்முறை இறங்கி நின்ற நம் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை.

அழுத அதே இளைஞரை, தூனிஸை விட்டுப் புறப்படும்போது காபிலாவின் காழியாக நியமித்துவிட்டார்கள்! கல்விக்கு அன்று அத்துணை மதிப்பு. அரபு மொழியும் பிக்ஹுச் சட்டமும் கைவசமிருந்தால், தன்ஜாவில் கற்றவர் டில்லியிலும் வேலை கேட்கலாம்.

1326ஆம் ஆண்டு ரமளானில் அவர் திமிஷ்க் எனும் டமாஸ்கஸில் இருந்தார். உமய்யாப் பெரும் பள்ளியில் ஸஹீஹுல் புகாரி முழுவதும் 14 அமர்வுகளில் ஓதப்படக் கேட்டதாகவும், பல ஆசிரியர்களிடம் இஜாஸா பெற்றதாகவும் எழுதுகிறார். அவ்வாறு இஜாஸா வழங்கியவர்களுள் ஸைனப், ஆயிஷா என்ற இரு பெண்மணிகளும் உண்டு. பெண்பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று நம்மிடையே நெடுங்காலம் வாதிட்டவர்கள் இதைப் படித்தார்களோ என்னவோ. 24 நாட்களில், நடுவே காய்ச்சலும் கண்ட ஒருவர் இத்தனையும் கற்றிருக்க இயலுமா என்று ஆராய்ச்சியாளர்கள் ஐயுறுவதுண்டு. அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் திமிஷ்கின் வக்புகளைப் பற்றி அவர் கூறுவது மனத்தில் நிற்கிறது. வழிப்போக்கருக்கு வக்பு, ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு வக்பு, கைதிகளை மீட்க வக்பு. பணியாள் கைதவறி உடைத்த பாத்திரத்துக்கு ஈடு கொடுக்கக்கூட ஒரு வக்பு! சீனப் பீங்கான் தட்டை உடைத்துவிட்டு நடுங்கி நின்ற சிறுவன் ஒருவன், துண்டுகளைப் பொறுக்கிச் சென்று காட்டி அதன் விலையைப் பெற்றுவந்ததை அவர் நேரில் கண்டார்.

மக்கா, யமன், கீழை ஆப்பிரிக்கா, துருக்கியர் நாடு என அலைந்து, 1333 செப்டம்பரில் சிந்து நதியை அடைந்தார். அயல்நாட்டு அறிஞர்களுக்கு அள்ளிக் கொடுத்த முஹம்மது பின் துக்ளக், ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் அவரைக் காழியாக்கினார். ஊர் வழக்கோ ஹனபி மத்ஹபு, இவரோ மாலிகி. நாட்டு மொழியும் தெரியாது. உதவிக்கு இருவரை அமர்த்தித் தந்தார் சுல்தான். அங்கேதான் மஅபர், அதாவது நம் தமிழகக் கடற்கரை நாட்டின் ஆளுநராயிருந்து பின்னர் மதுரையில் தனியரசு நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. பிறகு அவ்விருவரும் என்ன ஆனார்கள் என்பது தமக்குத் தெரியாதென்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். அந்த வரியைக் கடந்து செல்ல நமக்கு மனம் வருவதில்லை.

சீனத்துக்குத் தூதராகப் புறப்பட்டவர் கோழிக்கோட்டில் கப்பலை இழந்தார், மாலத்தீவில் காழியாயிருந்தார், இலங்கையில் ஆதம் மலை ஏறினார். அங்கிருந்து வரும் வழியில் நம் கரையருகே மரக்கலம் தட்டி உடைந்தது. இரவு முழுதும் உடைந்த கலத்தின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டிருந்தவரை, விடிந்ததும் படகில் வந்து கரைசேர்த்தவர்கள் முஸ்லிமல்லாத இவ்வூர் மக்களே.

அப்போது மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் தாமகானி. அவரும் அஹ்ஸன் ஷாவின் மருமகன். ஆகவே இப்னு பதூதாவுக்குச் சகலை. விருந்தும் மரியாதையும் குறைவின்றிக் கிடைத்தன. கூடவே பார்க்கக் கூடாதவற்றையும் பார்க்க நேர்ந்தது. காட்டில் பிடிபட்ட குடிமக்கள், தம்மைக் குத்திக் கொல்லப்போகும் கழுமரங்களைத் தம் தோளிலேயே சுமந்து வந்தனர். மறுநாள் காலையில் பெண்டிரும் குழந்தைகளும்கூடக் கொல்லப்பட்டனர். மற்றொரு நாள், சுல்தானின் வலப்புறம் காழியும் இடப்புறம் இவரும் அமர்ந்து உணவருந்துகையில், ஒருவனை மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொணர்ந்தனர். மூவர் தலையும் துண்டிக்கப்பட்டன. தாம் பார்வையைத் திருப்பிக்கொண்டதாக எழுதுகிறார்.

இது வெறுக்கத்தக்க செயல் என்றும், வேறெந்த அரசரும் இவ்வாறு செய்து தாம் அறியவில்லை என்றும், இதனாலேயே அந்தச் சுல்தானின் முடிவை இறைவன் விரைவுபடுத்தினான் என்றும் அவர் பதிந்துள்ளார். போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற ஹதீஸ், திமிஷ்கில் அவர் கேட்ட அதே புகாரியில் உள்ளது. உணவு வட்டிலின் முன்னே அந்த ஹதீஸைக் காழியும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. சோறு போடுகிறவன் முன் அயலான் நாவுக்கு வரும் கட்டு அது. நம்மவரில் சிலர் மதுரைச் சுல்தான்களை எழுதும்போது இப்பகுதியை விட்டுவிடுகின்றனர். பிறர் சிலர் இப்பகுதியை மட்டுமே எழுதுகின்றனர். இருசாராரும் மறப்பது ஒன்றுண்டு: அந்தக் கொடுமை நமக்குத் தெரிய வந்ததற்கு, மார்க்கம் கற்ற ஒரு முஸ்லிமின் வாக்குமூலமே முதன்மைச் சான்று.

ஆயினும் அவரை நாம் மாசற்றவராக்க வேண்டியதில்லை. தமக்கு நீதிபதிப் பதவி தந்த மாலத்தீவின்மீது படையெடுக்க இதே சுல்தானோடு சேர்ந்து திட்டமிட்டவரும் அவரே. கப்பல்கள் ஆயத்தமாகும்வரை பத்தன் என்னும் துறைமுகத்தில் தங்கினார். அங்கிருந்து மதுரை வந்தால், நகரில் கொள்ளைநோய். நோயுற்றவர் இரண்டாம் மூன்றாம் நாளில் மாண்டனர். வெளியே சென்றபோதெல்லாம் நோயாளியையோ பிணத்தையோதான் கண்டார். அஹ்ஸன் ஷாவிடம் அமைச்சராயிருந்த ஒருவரின் மனைவி, வறுமையுற்று, எட்டு வயது மகனோடு வந்து உதவி கேட்டாள். இருவரும் நலமாகவே இருந்தனர். பணம் கொடுத்தார். மறுநாள் அவள் மட்டும் வந்தாள், மகனுக்குக் கபன் துணி கேட்டு.

சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் மாண்டனர். சில நாட்களில் சுல்தானும் மாண்டார். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. பிழைக்கமாட்டோம் என்றே எண்ணினார். அப்போது, நம் நாட்டில் மிகுதியாய் விளையும் புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழிந்தது, காய்ச்சல் விட்டது. பேரையூர்ப் பக்கத்துப் பாட்டிமார் கேட்டால், இதற்கா இத்தனை நாடு சுற்றினாய் என்பார்கள்.

புதிய சுல்தான் நாஸிருத்தீன், மாலத்தீவுப் படையெடுப்புக்கு ஒரு மாதமே உள்ளது, இரு என்றார். இவர் இருக்கவில்லை. இந்த நகரின்மீது வெறுப்புற்றுப் பத்தனுக்குத் திரும்பிக் கப்பலேறினார். மேலைக்கரையில் கொள்ளையர் உடுத்திய கால்சட்டை ஒன்றைத் தவிர அனைத்தையும் பறித்தனர். எழுதி வைத்திருந்த குறிப்புகளும் போயின. படையோடு போக எண்ணிய மாலத்தீவுக்குத் தனியாகவே போய், தாம் நீங்கிய பின் பிறந்த மகனைக் கண்டு, தாயிடமே அவனை விட்டுவிட்டு வந்தார்.

வங்காளம், சீனம் கண்டு திரும்புகையில் 1348இல் திமிஷ்கை அடைந்தார். அங்கே ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்தபோது, தந்தை இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டதையும் தாய் உயிரோடிருப்பதையும் அறிந்தார். மறு ஆண்டு மொராக்கோ எல்லைக்குள் வந்தபோது தாயும் கொள்ளைநோயில் இறந்துவிட்ட செய்தி வந்தது. 24 ஆண்டுகளுக்குப் பின் தன்ஜாவுக்குள் நுழைந்த அவர், சென்று நின்றது தாயின் கபுறடியில்.