வைரமும் அடுப்புப்புகையும்

எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் கொடுத்த வைரத்தோட்டை வேண்டாமென்று சொல்லி, என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918இல் பிறந்த இவரைப் பற்றிய இந்தக் கதையைச் சிறுவர் புத்தகங்கள் விடாமல் சொல்கின்றன. பிற்பாடு அவர் கைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள் வந்து சேர்ந்த கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, 1940இல் பெங்களூருவில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம் ஒளியை உள்வாங்கி எப்படித் திரும்ப உமிழ்கிறது என்பதே ஆய்வு. ஒரு நிறமாலை போட்டோ தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் அங்கேயே தூங்கினார். ஆணும் பெண்ணும் கலந்து பேசுவது ராமனுக்குப் பிடிக்காது என்பதால், சக மாணவர்களோடு விவாதிக்கும் வாய்ப்பும் குறைவு. அப்படியிருந்தும் 1942க்கும் 1945க்கும் இடையில் வைரம், மாணிக்கம் பற்றி ஐந்து கட்டுரைகளைத் தனியாளாக வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். பைண்டு செய்த அந்த ஏடு ராமன் ஆய்வு நிறுவனத்து நூலகத்தில் தங்கிவிட்டது.

அவர் வானிலைக் கருவிகளின் பக்கம் போய்ப் பெரிய பெயர் எடுத்தார். பட்டம் இல்லாததால் ஒன்றும் குறைந்துபோகவில்லை, பெண் என்பதால் தடை எதுவும் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். நான் எம்.ஃபில். சேரப் போன நேர்காணலில் வந்த முதல் கேள்வி, "கல்யாணம் எப்போம்மா?" ஆகவே அவர் சொன்னதை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. தன்னைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' என்றுவிடக் கூடாது என்கிற ரோஷம் புரிகிறது. அந்த ரோஷத்தைச் சாக்காக வைத்துப் பல்கலைக்கழகத்தை மன்னிக்க நான் தயாரில்லை.

ஏனென்றால், விரட்டப்படும் பெண்ணோடு அவள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளும் போய்விடுகின்றன. கரும்பின் குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள், எண்பதை ஒட்டிய வயதில் சைலன்ட் வேலிக் காட்டை அணைக்குப் பலிகொடுக்கக் கூடாது என்று குரல் எழுப்பினார்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்தவர். டெல்லியில் பெண்கள் படித்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் 1954இல் இதய ஆய்வகம் தொடங்கினார். ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அது இதயத்துக்குள் போவதை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளப்பார்கள். நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகும் நோய் ஒன்று உண்டு. மேலைநாட்டுப் புத்தகங்களில் அது பெரும்பாலும் வயதான ஆண்களின் நோய். பத்மாவதி 1959இல் வெளியிட்ட 127 நோயாளிகள் பற்றிய ஆய்விலோ பெண்கள் ஏராளம், அதுவும் இளவயதில். அவருடைய சந்தேகம் சமையலறைப் புகை மீது விழுந்தது.

அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. என் அம்மா நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதியவர். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு இருமுவார், மறுபடி எடுத்து ஊதுவார். "அம்மாவுக்குச் சளி உடம்பு" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம், நானும்.